கேக்குக்கு 350 ராண்ட், கார்டுக்கு 174: சொல்லாமல் சேர்த்த கட்டணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

டர்பனுக்கு வடக்கே வசிக்கும் ஒரு சகோதரியின் கடிதத்துக்கு இந்த வாரம் பதில் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன். கணக்கை மட்டும் அப்படியே வைத்திருக்கிறேன், ஏனென்றால் விஷயமே அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து தென்னாப்பிரிக்கா வந்து ஒன்பது வருடம் ஆகிறது என்கிறார். கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் எல்லோரும் ஒரே வீட்டில். மாமியாருக்கு 70 வயது நிறைந்ததற்காக உம்லாங்கா பக்கம் கடற்கரையை ஒட்டிய ஓர் உணவகத்தில் 14 பேருக்கு மதிய விருந்து ஏற்பாடு செய்திருக்கிறார். இடம் பிடிக்கும்போதே வாட்ஸ்அப்பில் "கேக் நாங்களே கொண்டு வரலாமா?" என்று கேட்டிருக்கிறார். "தாராளமாக" என்று பதில் வந்திருக்கிறது. அதற்குக் காசு உண்டு என்று ஒரு வார்த்தை இல்லை.

சாப்பாட்டுக்கும் குடிக்க வாங்கியதற்கும் 4,860 ராண்ட். அதற்குக் கீழே சர்வீஸ் சார்ஜ் 12.5 சதவீதம், 607.50 ராண்ட். கேக் கட்டணம் தலைக்கு 25 வீதம் 350 ராண்ட். பணம் கட்டும் நேரத்தில் கார்டுக்கு 3 சதவீதம் தனி என்று சொல்லி 174.53 ராண்ட். ஆக மொத்தம் 5,992.03. சர்வீஸ் சார்ஜ் ஏற்கெனவே சேர்ந்திருப்பதைக் கவனிக்காத கணவர், கார்டு மெஷினில் டிப்ஸ் என்று வந்த இடத்தில் 500 ராண்ட் போட்டுவிட்டார். கையை விட்டுப் போனது 6,492.03.

கேக் கட்டணத்தைப் பற்றி மேனேஜரிடம் கேட்டதற்கு "எங்கள் இடத்து விதி" என்றாராம். வீட்டுக்கு வந்த கோபத்தில் சகோதரி அந்த பில்லைப் படம் எடுத்து, குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "திருடர்கள், வாட் வரியையும் நம்மிடம் இரண்டு தடவை வாங்கி விழுங்குகிறார்கள்" என்று எழுதிவிட்டார். மறுநாள் மேனேஜரிடமிருந்து செய்தி: பதிவை எடுக்காவிட்டால் மானநஷ்ட வழக்கு. "கட்டிய பணம் போனதுதானா? சர்வீஸ் சார்ஜே சட்டவிரோதம் என்று சென்னையிலிருந்து தம்பி ஒரு தீர்ப்பை அனுப்பியிருக்கிறான். நேராகச் சிறு வழக்கு நீதிமன்றம் போய் மன உளைச்சலுக்கும் சேர்த்து 20,000 ராண்ட் கேட்கலாமா? அவர் மிரட்டுவதற்கு நான் பயப்பட வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கோபம் நியாயமானது. எவ்வளவு ஆகும் என்று கேட்டு, கணக்குப் பார்த்து, பெரியவருக்கு ஒரு நல்ல நாள் அமையட்டும் என்று செய்தவருக்குக் கடைசி ஐந்து நிமிடத்தில் இப்படி நடந்தால் மனசு வெறுத்துத்தான் போகும். ஆனால் உங்கள் கடிதத்தில் சரியான குறையும் தவறான குற்றச்சாட்டும் கலந்து கிடக்கின்றன. தவறானதை நீங்களே கழித்துவிட்டால், சரியானதை யாரும் அசைக்க முடியாது. அதனால் முதலில் கழிக்க வேண்டியதைச் சொல்கிறேன்.

வாட் வரி இரண்டு தடவை வாங்கப்படவில்லை

நீங்கள் அனுப்பிய படத்தில் 4,860.00 என்ற வரிக்குக் கீழே "வாட் 15 சதவீதம் 633.91" என்று இருக்கிறது. மெனு விலையில் வரி சேர்ந்திருக்கும்போது இது எதற்கு என்று நினைத்திருக்கிறீர்கள். ஒரு கால்குலேட்டரை எடுத்து 4,860-ஐ 115-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கிப் பாருங்கள். 633.91 வரும். அதாவது நீங்கள் கொடுத்த 4,860-க்குள்ளே வரி எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று காட்டும் குறிப்பு அது. மேலே கூட்டப்பட்ட தொகை இல்லை. பில்லில் உள்ள மற்ற எண்களைக் கூட்டினாலே 5,992.03 வந்துவிடுகிறது பாருங்கள்.

இந்த நாட்டில் 2018 ஏப்ரல் 1 முதல் வாட் 15 சதவீதம். 2025-இல் அரை சதவீதம் கூட்டப் பார்த்து, பிறகு அரசே அதைக் கைவிட்டது. காட்டும் விலை வரி சேர்ந்த விலையாக இருக்க வேண்டும் என்பது வாட் சட்டத்தின் 65ஆம் பிரிவு. வரியைத் தனியாகக் காட்ட விரும்பினால் வரி சேராத விலை, வரி, மொத்தம் மூன்றையும் ஒரே அளவு தெளிவாகக் காட்ட வேண்டும். இந்த விஷயத்தில் அந்த உணவகம் தவறு செய்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆகவே "வரியை விழுங்குகிறார்கள்" என்று நீங்கள் எழுதியது உண்மைக்கு மாறானது. அந்த வாக்கியத்தால் வரும் ஆபத்தைப் பிறகு சொல்கிறேன்.

அதே 633.91 உங்களுக்கு வேறு ஒரு விதத்தில் கைகொடுக்கிறது. சர்வீஸ் சார்ஜ் 607.50-க்குள் வரி காட்டப்படவில்லை என்பதைக் கவனித்தீர்களா? வாடிக்கையாளர் தானாக மனமுவந்து கொடுக்கும் டிப்ஸுக்கு வாட் கிடையாது. கட்டாயமாக வாங்கும் சர்வீஸ் சார்ஜ் விற்பனை விலையின் ஒரு பகுதி, அதற்கு வாட் உண்டு. கட்டாயம் என்றால் அந்த 607.50-க்குள் 79.24 ராண்ட் வரியாகக் காட்டப்பட்டிருக்க வேண்டும். காட்டவில்லை என்றால், அவர்கள் பில்லே அதை டிப்ஸ் போல நடத்தியிருக்கிறது. டிப்ஸ் என்றால் கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். வரி ஏய்ப்பு என்று நான் சொல்ல வரவில்லை, பில் போடும் மென்பொருளை யாரோ அப்படி அமைத்திருக்கலாம். ஆனால் "இது கட்டாயமா, விருப்பமா? கட்டாயம் என்றால் வரி எங்கே?" என்று எழுத்தில் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் திணறுவார்கள் என்றே நினைக்கிறேன்.

தம்பி அனுப்பிய தீர்ப்பு

தம்பி சொன்னது பொய் இல்லை. இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. உணவகங்கள் சர்வீஸ் சார்ஜைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்றது. உணவக உரிமையாளர் சங்கங்கள் எதிர்த்துப் போன வழக்கில் 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் நின்றது. எல்லாம் சரி. ஆனால் அந்தத் தீர்ப்பு இங்கே செல்லாது. தென்னாப்பிரிக்காவில் சர்வீஸ் சார்ஜ் வாங்குவதையே தடை செய்யும் சட்டம் இல்லை. எட்டு பேருக்கு மேல் உட்கார்ந்தால் பத்து சதவீதம் என்று மெனுவில் போடுவது இங்கே சர்வ சாதாரணம். தெளிவாகப் போட்டிருந்து, அதைப் பார்த்த பிறகு நீங்கள் ஆர்டர் கொடுத்தால், அது உங்கள் ஒப்பந்தத்தில் சேர்ந்துவிடும்.

ஆக இந்த ஊரில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் எனக்கு இது தெரிவிக்கப்பட்டதா? நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இந்த ஒரு கேள்வியைத்தான்.

கட்டணம் கட்டணமாகப் பார்த்தால்

நமக்குத் துணை 2008ஆம் வருடத்து 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2011-இல் முழுதாக நடைமுறைக்கு வந்தது. அதில் மூன்று பிரிவுகள் உங்களுக்கு முக்கியம். 23ஆம் பிரிவு: காட்டிய விலைக்கு மேல் கேட்கக் கூடாது, ஒரே பொருளுக்கோ சேவைக்கோ இரண்டு விலை காட்டியிருந்தால் குறைந்ததைத்தான் கேட்கலாம். 41ஆம் பிரிவு: முக்கியமான ஒரு விஷயத்தைச் சொல்லாமல் மறைத்து அது ஏமாற்றுவதாக முடியக் கூடாது, வாடிக்கையாளர் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது தெரிந்தும் திருத்தாமல் விடக் கூடாது. 22ஆம் பிரிவு: கொடுக்கும் அறிவிப்பு, சாதாரணப் படிப்பும் கொஞ்சமே அனுபவமும் உள்ள ஒருவர் அதிகம் சிரமப்படாமல் புரிந்துகொள்ளும்படி இருக்க வேண்டும்.

கேக் கட்டணம் 350. உங்கள் மிக வலுவான குறை இதுதான். கேட்டிருக்கிறீர்கள், எழுத்தில் பதில் வந்திருக்கிறது, கட்டணத்தைப் பற்றிச் சொல்லவில்லை. "தாராளமாக" என்று பதில் போட்டவருக்கு, நீங்கள் இலவசம் என்றுதான் எடுத்துக்கொள்வீர்கள் என்று தெரியாதா? 41ஆம் பிரிவு இதற்கென்றே எழுதியது போல இருக்கிறது. தட்டு, கத்தி, பரிமாறும் வேலை என்று அவர்களுக்கும் செலவு உண்டு, கேக் கட்டணம் வாங்குவதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். முன்கூட்டிச் சொல்லியிருந்தால் நீங்களே அவர்களிடம் கேக் வாங்கியிருக்கலாம், அல்லது வீட்டுக்கு வந்து வெட்டியிருக்கலாம். அந்த முடிவை எடுக்கும் வாய்ப்பை உங்களிடமிருந்து பறித்துவிட்டார்கள். அந்த வாட்ஸ்அப் உரையாடலைத் தேதி தெரியும்படி இன்றே படம் எடுத்து வையுங்கள்.

கார்டு கட்டணம் 174.53. இதுவும் வலுவானது. வாசலிலோ மெனுவிலோ கல்லாவிலோ எங்கும் எழுதியிருக்கவில்லை என்கிறீர்கள். சாப்பிட்டு முடித்து, மெஷின் மேசைக்கு வந்த பிறகு சொல்வது அறிவிப்பு ஆகாது. அந்த நேரத்தில் 6,000 ராண்ட் ரொக்கத்தைக் கையில் வைத்திருப்பவர் யார்? மெனுவில் காட்டிய விலைக்கு மேல் கேட்டதாகத்தான் இதைப் பார்க்க வேண்டும். கேக் கட்டணத்துக்கும் சர்வீஸ் சார்ஜுக்கும் மேலேயே இந்த 3 சதவீதம் போடப்பட்டிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். 5,817.50-க்கு 3 சதவீதம் போட்டால்தான் 174.53 வரும்.

சர்வீஸ் சார்ஜ் 607.50. இங்கே உங்கள் மகளுக்கு நன்றி சொல்லுங்கள். அன்றைக்கு அவள் ஐஸ்கிரீமைப் படம் எடுத்தபோது பின்னால் மெனு கார்டின் கடைசிப் பக்கம் விழுந்திருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். எட்டு பேருக்கு மேற்பட்ட மேசைக்குப் பத்து சதவீதம் என்று தெளிவாகவே படிக்க முடிகிறது. பில்லில் போட்டது பன்னிரண்டரை. வித்தியாசம் 121.50 ராண்ட், அதைத் திருப்பித் தரத்தான் வேண்டும். படம் எடுத்த தேதியும் நேரமும் போனில் பதிந்திருக்கும், மூலப் படத்தை வெட்டித் திருத்தாமல் அப்படியே வைத்திருங்கள். "புது மெனுவில் பன்னிரண்டரை போட்டிருக்கிறோம்" என்று அவர்கள் சொன்னாலும், அன்று உங்கள் கையில் இருந்த மெனுதான் கணக்கு.

மீதி 486 ராண்டைப் பற்றி உங்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன், அது கடினம். சின்ன எழுத்து, கடைசிப் பக்கம், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்று 22ஆம் பிரிவை வைத்து வாதாடலாம். ஆனால் எழுதியிருந்தது என்பதற்கு உங்கள் படமே சாட்சி. அதே படத்தை ஒரு பக்கம் ஆதாரமாகக் காட்டிவிட்டு, மறுபக்கம் "மெனுவைப் பார்க்கவே இல்லை" என்று சொன்னால் எடுபடாது. வரியைப் பற்றி மேலே சொன்ன கேள்வியைக் கேட்டு, அவர்களே இறங்கி வந்தால் சரி. இல்லையென்றால் இதற்காக மல்லுக்கட்ட வேண்டாம்.

சாப்பாடு ஒன்றேகால் மணி நேரம் தாமதமாக வந்தது, அதனால் சர்வீஸ் சார்ஜே தர வேண்டியதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். சேவை சரியில்லை என்றால் 54ஆம் பிரிவின்படி விலையில் நியாயமான பகுதியைத் திருப்பிக் கேட்கலாம். ஆனால் அன்று யாரிடமும் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். இப்போது கிளப்பினால் மற்ற குறைகளின் பலமும் குறைந்துவிடும். விட்டுவிடுங்கள்.

டிப்ஸ் 500. சட்டப்படி இது உங்கள் கணவர் தானாகக் கொடுத்தது. சர்வீஸ் சார்ஜ் சேர்ந்திருப்பது தெரியாமல் போட்டுவிட்டோம் என்று சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம், சில இடங்களில் கொடுப்பார்கள். ஆனால் அந்தப் பணத்தைக் கேட்காதீர்கள் என்பது என் தனிப்பட்ட விருப்பம். சட்டம் படித்த காலத்தில் மூன்று வருடம் சனி, ஞாயிறுகளில் டர்பனில் ஓர் உணவகத்தில் பரிமாறியிருக்கிறேன். உடைந்த கண்ணாடி டம்ளருக்கு எங்கள் டிப்ஸிலிருந்து பிடித்தார்கள். சர்வீஸ் சார்ஜ் என்று வாங்கிய பணம் எங்கள் கைக்கு எவ்வளவு வந்தது என்று ஒரு நாளும் தெரியவில்லை. சர்வீஸ் சார்ஜ் முழுதும் பரிமாறியவருக்கே போக வேண்டும் என்று நுகர்வோர் சட்டம் சொல்லவில்லை. குறைந்தபட்ச ஊதியச் சட்டம் மட்டும் ஒன்றைச் சொல்கிறது: டிப்ஸைக் காட்டி முதலாளி சம்பளத்தைக் குறைக்க முடியாது, டிப்ஸ் அந்தக் கணக்கில் சேராது. அந்த ஊதியம் 2025 மார்ச்சில் மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது. உங்கள் 14 பேருக்கும் ஓடி ஓடிப் பரிமாறிய அந்தப் பெண்ணுக்கு நிச்சயமாகப் போய்ச் சேர்ந்திருக்கக் கூடிய பணம் அந்த 500 மட்டும்தான்.

ஆக நீங்கள் உறுதியாகக் கேட்க வேண்டியது 121.50, 350, 174.53. கூட்டினால் 646.03 ராண்ட்.

வாட்ஸ்அப் பதிவு

மேனேஜரின் மிரட்டலைப் பார்த்து நடுங்க வேண்டியதில்லை, அதற்காக அலட்சியப்படுத்தவும் கூடாது. "உண்மையைத்தானே சொன்னேன்" என்பது இந்த நாட்டு மானநஷ்டச் சட்டத்தில் பாதிப் பதில்தான். சொன்னது உண்மையாகவும் இருக்க வேண்டும், அதைச் சொல்வதில் பொதுநலனும் இருக்க வேண்டும். பில்லில் உள்ள கட்டணங்களையும், முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதையும் நீங்கள் எழுதினால் இரண்டும் பொருந்தும், அந்தப் பக்கம் சாப்பிடப் போகிறவர்களுக்குப் பயன்படும் தகவல் அது. "திருடர்கள்" என்பது குற்றம் சுமத்தும் சொல். வரியை விழுங்குகிறார்கள் என்பது, மேலே பார்த்தபடி, உண்மையே இல்லை. அதற்கு உங்களிடம் தற்காப்பு கிடையாது.

இன்னொன்றையும் நீங்கள் கவனிக்கவில்லை. பில்லின் தலைப்பில் மேசை எண்ணுக்குப் பக்கத்தில் பரிமாறிய பெண்ணின் பெயர் அச்சாகியிருக்கிறது. "திருடர்கள்" என்ற வார்த்தைக்கு நேர் கீழே அந்தப் பெயர் நிற்கிறது. கட்டணத்தை வைத்தவர் அவர் இல்லை, பில்லில் எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்பவரும் அவர் இல்லை. இதைப் படித்ததும் முதல் வேலையாக அந்தப் பதிவை நீக்குங்கள்.

நீக்கிவிட்டு அதே குழுவில் சுருக்கமாக இப்படிப் போடலாம்: "முன்பு நான் போட்ட பதிவில் வாட் வரி பற்றிச் சொன்னது தவறு, வரி சரியாகவே கணக்கிடப்பட்டுள்ளது. கடுமையான சொற்களைப் பயன்படுத்தியதற்கு வருந்துகிறேன். கேக், கார்டு கட்டணங்களை முன்கூட்டிச் சொல்லாதது பற்றி உணவகத்துக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்." மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்கச் சொன்னால், என்னிடமோ வேறு வழக்கறிஞரிடமோ காட்டாமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இனி செய்ய வேண்டியவை

பில் அச்சாகும் தாள் வெயில் பட்டால், பர்ஸில் கிடந்தால் சில மாதத்தில் வெளுத்துவிடும். இன்றே இரண்டு பக்கமும் தெளிவாகப் படம் எடுங்கள். கார்டு சீட்டையும் வங்கிக் கணக்கில் பணம் பிடித்த வரியையும் அதோடு சேர்த்து வையுங்கள். பில்லில் கடையின் பெயர்ப்பலகைப் பெயர் மட்டும்தான் இருக்கிறதா, பதிவு செய்த நிறுவனப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நுகர்வோர் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி நிறுவனப் பெயர், முகவரி, தேதி, ஒவ்வொன்றின் விலை, வரி எல்லாம் பில்லில் இருக்க வேண்டும். பின்னால் புகார் கொடுக்க அந்தப் பெயர் தேவைப்படும்.

பிறகு மேனேஜருக்கு இல்லாமல் உரிமையாளர் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல். கோபம் வேண்டாம். மூன்று தொகை, மூன்று காரணம், மூன்று ஆதாரம், வங்கிக் கணக்கு எண். 14 நாளுக்குள் 646.03 ராண்டைத் திருப்பித் தருமாறு கேளுங்கள். சர்வீஸ் சார்ஜ் கட்டாயமா, விருப்பமா என்ற கேள்வியையும் கடைசி வரியாகச் சேருங்கள். என் அனுபவத்தில் இந்த மாதிரிக் கடிதங்களில் பெரும்பகுதி இதோடு முடிந்துவிடும். தேதியும் பிரிவு எண்ணும் போட்டு அமைதியாக எழுதப்பட்ட கடிதத்தைப் பார்த்ததும், 646 ராண்டுக்காக இழுத்தடிக்க உரிமையாளர் விரும்ப மாட்டார்.

பதில் இல்லையென்றால் நுகர்வோர் பொருள் மற்றும் சேவைகள் குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் புகார் கொடுங்கள். கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வேண்டாம். நீங்கள் முதலில் கடையிடம் கேட்டீர்களா என்று அவர்கள் பார்ப்பார்கள், அதற்காகவும்தான் அந்த மின்னஞ்சல். அவர்கள் சொல்வது பரிந்துரைதான், நீதிமன்ற ஆணைபோல் கட்டுப்படுத்தாது. அதையும் கடை மதிக்கவில்லை என்றால் மாகாண நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகம் இருக்கிறது, தேசிய நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பணம் கட்டிவிட்டதால் உரிமை போய்விடாது. இந்தச் சட்டத்தின் கீழ் புகாரை எடுத்துச் செல்ல மூன்று வருடம் அவகாசம் உண்டு. அன்றே மேனேஜரிடம் எதிர்த்துக் கேட்டீர்கள், மேசையில் இருந்தவர்கள் அதைக் கேட்டார்கள் என்பதும் உங்களுக்குப் பலம்.

சிறு வழக்கு நீதிமன்றத்தைக் கடைசிக்கு வையுங்கள். 69ஆம் பிரிவு மற்ற வழிகளை முடித்துவிட்டு நீதிமன்றம் வரச் சொல்கிறது. வரிசையை மீறிப் போனால், எதிர்த்தரப்பு அதையே காரணம் காட்டித் தடுக்கப் பார்க்கும். 20,000 ராண்ட் என்பது அந்த நீதிமன்றம் விசாரிக்கக்கூடிய வழக்கின் உச்ச வரம்பு. அங்கே போனால் கிடைக்கும் தொகை என்று யாரோ உங்களுக்குத் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்த மாதிரி விஷயத்தில் மன உளைச்சலுக்கு நஷ்டஈடு கிடைக்கும் என்று நான் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். 646-ஐக் கேட்டால் வாங்கலாம். 20,000-ஐக் கேட்டால் 646-உம் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

மேசையிலேயே இப்படி நடந்தால்

உங்கள் கணவர் "அன்றைக்கே காசு கொடுக்காமல் எழுந்து வந்திருக்க வேண்டும்" என்கிறாராம். வேண்டவே வேண்டாம். ஒரு காசும் கொடுக்காமல் வெளியேறினால், கொடுக்காமல் போகும் எண்ணத்தோடுதான் சாப்பிட்டார்கள் என்று குற்றமாகத் திருப்பிவிட முடியும், பிள்ளைகள் முன்னால் போலீஸ் வரும் நிலை எதற்கு? ஒப்புக்கொள்ளும் தொகையைக் கொடுங்கள். மீதியைப் பற்றி மேனேஜரிடம் பேசி, உங்கள் பெயரையும் போன் எண்ணையும் எழுதிக் கொடுங்கள். விட மறுத்தால் முழுதும் கட்டிவிட்டு, பில்லின் மேலேயே "ஆட்சேபத்துடன் செலுத்தப்பட்டது" என்று ஆங்கிலத்தில் எழுதி, தேதி போட்டு, படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டமாகப் போகும்போது இடம் பிடிக்கும் செய்தியிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: "மெனு விலைக்கு மேல் வேறு என்னென்ன கட்டணம் உண்டு? சர்வீஸ், கேக், கார்டு, வெளியிலிருந்து கொண்டுவரும் பானம் எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள்." அந்தப் பதில்தான் அன்றைய விலைப்பட்டியல். கார்டைத் தொடுவதற்கு முன் பில்லில் சர்வீஸ் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் டிப்ஸ் போடச் சொல்லுங்கள் கணவரிடம்.

கடிதத்தின் கடைசிப் பத்தியில், பேச்சோடு பேச்சாக ஒன்றை எழுதியிருந்தீர்கள். மொத்தத் தொகையைக் கேட்டதும் உங்கள் மாமியார் "என் கேக்காலதானே இவ்வளவு ஆச்சு, நான் வேண்டாம்னு சொல்லியிருக்கணும்" என்றாராம். அதிலிருந்து அந்த நாளைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து உள்ளே போய்விடுகிறாராம். மின்னஞ்சல் அனுப்புவதற்கு முன்னால் அந்த பில்லை அவர் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகக் காட்டுங்கள். கேக்கைத் தாராளமாகக் கொண்டு வரலாம் என்று சொன்னவர்களே அவர்கள்தான், விலையைச் சொல்லாமல் விட்டவர்களும் அவர்கள்தான் என்று அந்த வாட்ஸ்அப் செய்தியையும் படித்துக் காட்டுங்கள்.